மேலட்டை இல்லாத ஜெர்மன் சிகரெட் பட ஆல்பம்: பிரித்தெடுப்பதா, அப்படியே வைப்பதா?

ரைன்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டோர்ட்முண்டில் ஞாயிறுதோறும் கூடும் பழம்பொருள் சந்தை ஒன்றில், பீங்கான் கிண்ணங்களுக்கும் துருப்பிடித்த சாவிக்கொத்துகளுக்கும் அடியில் கிடந்த, சிகரெட்டோடு வந்த படங்களை ஒட்டிச் சேர்க்கும் திரைப்பட நட்சத்திர ஆல்பம் ஒன்றை வாங்கியிருக்கிறேன். மேலட்டையும் தலைப்புப் பக்கமும் போய்விட்டதால், எந்த சிகரெட் நிறுவனம் வெளியிட்டது, எந்த ஆண்டுக்குரியது என்பது தெரியவில்லை. படங்கள் கருப்பு வெள்ளையில், நல்ல பளபளப்போடு இருக்கின்றன. ஒவ்வொரு படத்தின் அடியிலும் நடிகரின் பெயரும், ‘ரோஸ் ஃபெர்லாக்’ என்ற பதிப்பகப் பெயரும், படநிறுவனத்தின் பெயரும் மிகச் சிறிய எழுத்தில் உள்ளன. ஆல்பத்தின் தாளிலும் ஒவ்வொரு கட்டத்தின் கீழே எண்ணும் பெயரும் அச்சாகியிருக்கின்றன. படங்கள் ஏறக்குறைய முழுவதும் உள்ளன, சில கட்டங்கள் மட்டும் காலி.

தாள்கள் பழுப்பேறி, ஓரம் தொட்டாலே பொடிப்பொடியாக உதிர்கின்றன. விற்றவர், “படங்களைத் தனித்தனியாகப் பிரித்து விற்றால்தான் பணம்” என்று சொல்லி அனுப்பினார். எனக்கு விற்கும் எண்ணம் இல்லை. ஆனால் உதிரும் தாளில் படங்களை விட்டுவைப்பது சரிதானா என்ற ஐயம் இருக்கிறது. இவற்றின் காலத்தை எப்படிக் கணிப்பது என்பதையும் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருதமுத்து எழுதியது:

தம்பி, வணக்கம். மதுரையில் நாற்பது வருடங்களாகத் தீப்பெட்டிப் படங்களும் சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் சேர்ப்பவன் நான். ஜெர்மன் அட்டைகளும் ஓரளவு கைவசம் உண்டு. என் யோசனை, தாமதிக்காமல் பிரித்துவிடுங்கள் என்பதே. முதல் காரணம், சிகரெட் படத்தின் பாதி மதிப்பு அதன் முதுகில்தான் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர், வரிசையின் பெயர், எண் எல்லாம் பின்புறத்தில்தான் அச்சாகும். ஆல்பத்தில் ஒட்டிவிட்டால் அது கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. இரண்டாவது காரணம், அக்காலத்து ஆல்பத் தாள் மரக்கூழில் செய்த மலிவுத் தாள், அதில் ஊறிய அமிலம் படத்தையும் மெல்ல அரிக்கும். வீடு இடிந்து விழும்போது உள்ளே இருப்பவரை வெளியே அழைக்காமல் இருக்க முடியுமா?

பழந்தாள் எழுதியது:

மருதமுத்து ஐயாவின் அனுபவத்துக்கு மதிப்பளித்தே மாறுபடுகிறேன். ஆங்கிலேய சிகரெட் அட்டைகளுக்கு அவர் சொல்வது பொருந்தும், ஏனெனில் அவற்றின் பின்புறத்தில் முழுக் குறிப்பும் இருக்கும். ஜெர்மனியில் வழக்கம் வேறு. அங்கே படம் சேர்க்கும் பழக்கத்தை வளர்த்தவை லீபிக் இறைச்சிச் சாற்று நிறுவனமும் கொலோன் நகரின் ஸ்டோல்வெர்க் சாக்லேட் நிறுவனமும். ஸ்டோல்வெர்க் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே படங்களை ஒட்டுவதற்கு ஆல்பம் வெளியிட்டது. சிகரெட் நிறுவனங்கள் அந்த வழியையே பின்பற்றியதால், 1930களில் படமும் ஆல்பமும் ஒரே பொருளின் இரு பாதிகளாகிவிட்டன. பெயரும் விளக்கமும் ஆல்பத்தில், முகம் அட்டையில். ஒன்றை மற்றதிலிருந்து பிரித்தால் இரண்டுமே அரைகுறைதான்.

இது எவ்வளவு பெரிய தொழிலாக இருந்தது என்பதற்கு ஒரு சான்று: ஹாம்பர்க்கை அடுத்த ஆல்டோனா-பாரன்ஃபெல்டில் ரேம்ட்ஸ்மா சிகரெட் நிறுவனம் படங்களுக்கும் ஆல்பங்களுக்கும் மட்டுமே தனிப் பிரிவு ஒன்றை நடத்தியது. அதன் ஆல்பங்கள் பலவற்றுக்குச் சிகரெட் பெட்டியில் நேரடியாகப் படம் வராது, ஒரு சீட்டுத்தான் வரும். சீட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தால் படத்தொகுதி கிடைக்கும். புகைப்பவர் அப்பா, சீட்டு சேர்ப்பவர் பிள்ளைகள், எந்த சிகரெட் வாங்குவது என்று முடிவாவது வீட்டுக்குள். விளம்பரத்துறையினர் இதைவிடத் திறமையாக எதையும் யோசித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அதே பிரிவுதான் ஜெர்மனியின் பெரிய படநிறுவனமான ஊஃபாவில் பணிபுரிந்த ஓஸ்கார் கால்புஸ் எழுதிய ஜெர்மன் திரைக்கலை வரலாற்றை 1935இல் இரண்டு பாகங்களாக வெளியிட்டது. மௌனப்படங்களுக்கு ஒரு பாகம், பேசும்படங்களுக்கு ஒரு பாகம். பெரிய அளவிலான காட்சிப் படங்களை ஒட்டி நிரப்ப வேண்டிய ஆல்பங்கள் அவை. எழுத்தில் அன்றைய நாஜி ஆட்சியின் சாயம் படிந்திருப்பதால் வரலாறாகப் படிப்பவர்கள் விழிப்போடு படிக்க வேண்டும், படங்களோ இன்றும் வியக்க வைப்பவை.

உங்களுடையது அந்த வகை அன்று. சிறிய அளவில் நட்சத்திர முகங்களை மட்டும் தரும் வகையைப் பல நிறுவனங்கள் வெளியிட்டன. டிரெஸ்டனின் யாஸ்மாட்ஸி, மோனோபோல், ஹவுஸ் பெர்க்மன், மசூதியைப் போன்ற கட்டடத்துக்குப் பேர்போன யெனிட்ஸே, பெர்லினின் யோசெட்டி, பாங்கோவில் ஆலை வைத்திருந்த கர்பாட்டி என்று பட்டியல் நீளும். எனவே முதலில் நட்சத்திரங்களின் பெயர்களையும், முக்கியமாக ஒவ்வொரு பெயருக்கும் அருகே உள்ள படநிறுவனத்தின் பெயரையும் எழுதி அனுப்புங்கள். இத்தகைய ஆல்பங்களில் பெரும்பாலும் ஆண்டு அச்சிடப்படுவதில்லை, அதைப் படநிறுவனப் பெயரில்தான் தேட வேண்டும்.

ரைன்கரையான் எழுதியது:

நன்றி ஐயா. முழுப் பட்டியலை இணைத்திருக்கிறேன். கண்ணில் பட்டவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன். கிரேட்டா கார்போவுக்கு மெட்ரோ-கோல்ட்வின்-மேயர், மார்லீன் டீட்ரிஷுக்கு பாரமவுண்ட், பிரிகிட்டே ஹெல்முக்கு ஊஃபா. லிலியன் ஹார்விக்கு இரண்டு படங்கள் உள்ளன, ஒன்றில் ஊஃபா, மற்றதில் ஃபாக்ஸ். கான்ராட் ஃபைட், ஹங்கேரியப் பாடகி கிட்டா ஆல்பார் ஆகிய இருவரும் இருக்கிறார்கள். ஸாரா லேயாண்டர் இல்லை, ஷெர்லி டெம்பிளும் இல்லை.

ஹான்ஸ் ஆல்பெர்ஸுக்குப் பக்கத்துக் கட்டத்தில் ஒரு படத்தை யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். பசை ஒட்டியிருந்த இடத்தில் தாளின் மேற்பரப்பு உரிந்து வெள்ளையாகத் தெரிகிறது.

பழந்தாள் எழுதியது:

நல்ல தடயங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டீட்ரிஷை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நடித்த ‘நீலத் தேவதை’ ஊஃபா நிறுவனத்தின் படம். 1930 ஏப்ரல் முதல் நாள் பெர்லினில் வெளியானது. அதையொட்டி அவர் அமெரிக்கா சென்று பாரமவுண்டில் சேர்ந்தார். பாரமவுண்ட் பெயருள்ள படம் 1930க்கு முந்தையதாக இருக்க முடியாது என்பது இதிலிருந்து உறுதி.

அடுத்த எல்லை ஸாரா லேயாண்டர். ஸ்வீடனிலிருந்து வந்த இவர் ஊஃபாவில் நடித்த முதல் படம் 1937இல் வெளியாயிற்று. அதன் பிறகு அவரை விட்டுவிட்டு ஜெர்மன் நட்சத்திர ஆல்பம் வெளியிடுவது வணிகரீதியாக நினைத்துப் பார்க்க முடியாதது. ஷெர்லி டெம்பிள் 1934இல் உலகப் புகழ் பெற்றார். இல்லாமை ஒருபோதும் முழுச்சான்று ஆகாது என்றாலும், இருவரும் சேர்ந்து இல்லாதபோது 1930களின் முற்பகுதி என்றே மனம் சாய்கிறது.

ஃபைட்டும் ஆல்பாரும் இருப்பதைக் கண்டு பலர் உடனே “1933க்கு முந்தியது” என்று தீர்ப்பளித்துவிடுவார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 1933 மார்ச் 29 அன்று ஊஃபாவின் நிர்வாகக் குழு யூதக் கலைஞர்களையும் ஊழியர்களையும் வெளியேற்ற முடிவு செய்தது. அதே ஆண்டு ஜூலையில் அரசின் திரைப்படச் சபை நிறுவப்பட்டது, அதில் உறுப்பினராகாமல் யாரும் திரைத்தொழிலில் இருக்க முடியாது. யூதரான ஆல்பார் அந்த ஆண்டில் நாட்டை விட்டு வெளியேறினார். ஃபைட் யூதர் அல்லர், அவர் மணந்த பெண் யூதர். அவரும் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்.

ஆனால் உங்கள் ஆல்பத்தில் லிலியன் ஹார்வி ஃபாக்ஸ் பெயரோடு நிற்கிறார். ஊஃபாவின் முடிசூடா அரசியாக இருந்த ஹார்வி, ஃபாக்ஸ் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் ஹாலிவுட் சென்றது 1933இல். 1935இல் திரும்பி வந்துவிட்டார். ஆகவே அந்த ஒரு படம் ஆல்பத்தை 1933க்கு இப்பால் இழுக்கிறது. ஆல்பாரை வெளியேற்றிய அதே காலத்தில், அல்லது சற்றுப் பின்னர், அவருடைய முகம் சிகரெட் பெட்டியோடு கடைகளில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஆணை ஒரே நாளில் பிறந்துவிடும், அச்சிட்டு வைத்த அட்டைகள் ஒரே நாளில் தீர்ந்துவிடுவதில்லை. 1933 அல்லது 1934 என்பது என் கணிப்பு.

இப்போது மருதமுத்து ஐயாவிடம் ஒரு கேள்வி. இதே படங்கள் உதிரியாக, வேறு வேறு கைகளுக்குப் போயிருந்தால், ஆல்பார் அட்டையை வாங்கியவர் “1932” என்று எழுதி வைத்திருப்பார், ஃபாக்ஸ் ஹார்வியை வாங்கியவர் “1934” என்று எழுதியிருப்பார். இரண்டும் ஒரே வரிசை என்பதை யார் சொல்லியிருப்பார்கள்?

மருதமுத்து எழுதியது:

கேள்வி நியாயமானது. ஆனாலும் என் மறுப்பு நிற்கிறது. இந்த வரிசை எந்த நிறுவனத்துடையது என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை. முதுகைப் பார்க்காமல் எப்படிச் சொல்வீர்கள்? தம்பி, தானாகக் கழன்ற படம் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை வைத்துக் கன்னத்தின் நிழற்பகுதியைப் பார்த்தால், அச்சுப்படமாக இருந்தால் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். அசல் ஒளிப்படமாக இருந்தால் புள்ளியே இராது, கறுப்பு மெல்ல மெல்லச் சாம்பலாகக் கரையும். ரோஸ் அட்டைகளில் பல அசல் ஒளிப்படங்கள், இருட்டறையில் வெள்ளி உப்புத் தாளில் பதிவானவை. போலி இந்தத் துறையில் குறைவு, ஏனென்றால் சாதாரண அட்டை மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் லூயிஸ் புரூக்ஸ், அன்னா மே வாங் போன்றவர்களின் அட்டைகளுக்கு உலகெங்கும் ஆள் இருப்பதால் மறுபதிப்புகள் உலவுகின்றன. புற ஊதா விளக்கின் கீழ் தாள் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால், 1950களுக்குப் பின் வந்த வெண்மையூட்டி சேர்த்த தாள் என்று எடுத்துக்கொள்ளலாம். பழைய தாள் மந்தமாகவே இருக்கும்.

ரைன்கரையான் எழுதியது:

ஐயா சொன்னபடி பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு படம், பசை காய்ந்து, தானாகக் கழன்றிருந்தது. பின்புறத்தில் ‘யோசெட்டி’ என்ற பெயரும் எண்ணும் தெளிவாக உள்ளன. எண், ஆல்பத்தின் கட்டத்தில் அச்சாகியிருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறது. மேல் விளிம்பில் மட்டும் ஒரு கோடாகப் பசை தடவியிருக்கிறார்கள், மீதிப் பின்புறம் முழுவதும் சுத்தமாக இருக்கிறது. லென்ஸில் புள்ளிகள் இல்லை. நிழற்பகுதிகளில் சாய்த்துப் பார்த்தால் நீலம் கலந்த உலோகப் பளபளப்பு ஒன்று தெரிகிறது, அது அழுக்கா? துடைக்கலாமா?

நிலாமகள் எழுதியது:

துடைக்கவே வேண்டாம்! அதைக் கேட்டுத்தான் எழுத வந்தேன். அது அழுக்கு இல்லை. படத்திலுள்ள வெள்ளியே காலப்போக்கில் மேற்பரப்புக்கு வந்து படிந்திருக்கிறது. துடைத்தால் படத்தின் கறுப்பும் சேர்ந்து போகும். அசல் ஒளிப்படம் என்பதற்கு அதுவே ஒரு சாட்சியாக இருப்பதால், எனக்கு அதைப் பார்க்கும்போது மகிழ்ச்சிதான் வரும்.

பிரிப்பதைப் பற்றி: நான் ஆவணக்காப்பகம் ஒன்றில் தாள் பராமரிப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். அஞ்சல்தலையை நீரில் ஊறவைத்துப் பிரிப்பதுபோல் இவற்றைப் பிரிக்கலாம் என்று சிலர் இணையத்தில் எழுதுகிறார்கள். அசல் ஒளிப்படத்தின் மேல் ஜெலட்டின் படலம் இருக்கிறது. நீர் பட்டால் அது வீங்கி இளகும், அப்போது விரல் பட்டாலும் தழும்பு விழும், வேறு தாள் பட்டால் அதோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு அட்டை சுருளும். கத்தியால் உரித்தால் ஒன்று ஆல்பம் கிழியும், இல்லையென்றால் படத்தின் முதுகு மெலியும். அந்தப் பிடுங்கிய கட்டத்தில் உரிந்த தாளைப் பார்த்தீர்கள் அல்லவா, அந்தத் தாளின் தோல் இப்போது எங்கோ ஒரு படத்தின் முதுகில் ஒட்டியிருக்கும்.

அமிலத்தைப் பற்றி மருதமுத்து ஐயா சொன்னது உண்மைதான். ஆனால் அதற்கு மருந்து பிரிப்பது அன்று. ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் அமிலமற்ற மெல்லிய தாளைச் செருகுங்கள். கடையில் கிடைக்கும் பட்டர் பேப்பர் எல்லாம் அமிலமற்றது என்று நம்பிவிட வேண்டாம், ஒளிப்படப் பாதுகாப்புக்கு என்று குறிப்பிட்டு விற்பதையே கேட்டு வாங்குங்கள். ஆல்பத்தை நிமிர்த்தி நிறுத்தாமல், படுக்கவைத்து, பெட்டியில் வையுங்கள். ஜெர்மன் வீடுகளில் நிலவறையில் பொருள் போட்டு வைக்கும் வழக்கம் உண்டு, அங்கே மட்டும் வைக்காதீர்கள், ஈரம் ஏறும். கழன்ற படங்களுக்குப் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை போதும். பிவிசி உறையிலிருந்து கசியும் பொருள் சில ஆண்டுகளில் படத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

திரைத்துகள் எழுதியது:

இந்த உரையாடலைப் படித்து மெய்சிலிர்த்தேன். ஒரு ஊகம். பிடுங்கப்பட்ட அந்தக் கட்டம் யூதக் கலைஞர் ஒருவருடையதாக இருக்கலாம் அல்லவா? ஆல்பத்துக்குச் சொந்தக்காரர் அச்சத்தினாலோ வெறுப்பினாலோ பிய்த்தெறிந்திருக்கலாம். அப்படியானால் இது ஒரு வரலாற்று ஆவணமே ஆகிவிடும்.

ரைன்கரையான் எழுதியது:

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கட்டத்தின் கீழே அச்சாகியிருக்கும் பெயர் வில்லி ஃபிரிட்ச். அருகே பென்சிலில் ஒரு சிறிய இதயம் வரையப்பட்டிருக்கிறது.

பழந்தாள் எழுதியது:

அப்படியானால் குற்றவாளி ஒரு ரசிகைதான். லிலியன் ஹார்வியோடு இணைந்து நடித்த ஃபிரிட்ச் அன்றைய பெண்களின் கனவு நாயகன். படம் யாருடைய பணப்பைக்குள் போயிற்றோ!

திரைத்துகள் அவர்களின் ஊகத்தை நான் எள்ளி நகையாடவில்லை. அந்தக் காலத்தின் கொடுமை இந்த அட்டைகளுக்குள் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது காலிக் கட்டத்தில் அன்று, ஒவ்வொரு படத்தின் அடியிலும் இருக்கிறது. ‘ரோஸ் ஃபெர்லாக்’ என்பது ஹைன்ரிஷ் ரோஸ் என்ற யூதர் பெர்லினில் நடத்திய பதிப்பகம். நட்சத்திர அஞ்சலட்டைகளில் அவருக்கு நிகர் அன்றைய ஐரோப்பாவில் இல்லை. 1930களின் பிற்பகுதியில் அவரிடமிருந்து தொழிலைப் பறித்தார்கள். அவர் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்று சிகாகோவில் இறந்தார். வேடிக்கை என்னவென்றால், அவரை வெளியேற்றிய பிறகும் பெயரை உடனே எடுக்கவில்லை, விற்பனையாகும் பெயர் என்பதால் 1941 வரை ரோஸ் என்றே அச்சிட்டார்கள். அதன் பிறகுதான் ‘ஃபில்ம்-ஃபோட்டோ-ஃபெர்லாக்’ என்று மாற்றினார்கள். கர்பாட்டி குடும்பமும் தங்கள் சிகரெட் ஆலையை 1938இல் விற்றாக வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டது. நட்சத்திரங்களில் குர்ட் கெரோன், ‘நீலத் தேவதை’யில் மாயவித்தைக்காரராக வந்த அந்தப் பருத்த உருவத்தினர், 1944இல் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார்.

யோசெட்டி என்று தெரிந்ததும் ஒரு செய்தி. பெர்லின் நிறுவனமான யோசெட்டியின் புகழ்பெற்ற சிகரெட் ‘யூனோ’. அந்தப் பெயரை வைத்து எதுகையோடு அமைத்த அவர்களது விளம்பர வரியை இன்றும் முதிய ஜெர்மானியர்கள் ஒப்பிப்பதைக் கேட்கலாம். உங்கள் பக்கத்து வீட்டில் எண்பதைத் தாண்டியவர்கள் இருந்தால் ‘யூனோ’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

மருதமுத்து எழுதியது:

மேல் விளிம்பில் மட்டும் பசை என்றால், என் வாதத்தின் ஒரு கால் ஒடிந்துவிட்டது. படத்தைக் கழற்றாமலே கீழ்விளிம்பை மெல்ல உயர்த்தி முதுகைப் பார்த்துவிடலாம். முழு முதுகிலும் பசை தடவிய ஆல்பங்களைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான். அவற்றில் எண்ணும் பெயரும் கட்டத்தின் கீழ் அச்சாகாமல் இருந்தால், முதுகு தெரியாத அட்டை ஊர் பேர் தெரியாத அட்டையே.

தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. அதே சந்தையில் அதே வியாபாரிகளிடம் 1936ஆம் ஆண்டு ஒலிம்பிக் ஆல்பமும் ஹிட்லர் ஆல்பமும் கிடைக்கும். இரண்டும் ரேம்ட்ஸ்மாவின் பெருவெளியீடுகள். ஸ்வஸ்திகச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவதும் பரப்புவதும் ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவில் வரும். ஆய்வுக்கும் கல்விக்கும் விலக்கு உண்டு. நட்சத்திர ஆல்பத்தில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது, ஆனால் எதையும் இணையத்தில் படம் எடுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள்.

ரைன்கரையான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பிரிக்கப்போவதில்லை. அமிலமற்ற தாளும் பெட்டியும் வரவழைத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தையும் ஒளிவருடி வைக்கலாம் என்றிருக்கிறேன். கடைசியாக ஒரு கேள்வி: யோசெட்டி வரிசையின் வில்லி ஃபிரிட்ச் அட்டை உதிரியாக ஒரு வியாபாரியிடம் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி அந்தக் கட்டத்தில் ஒட்டலாமா?

நிலாமகள் எழுதியது:

வாங்குங்கள், ஒட்டாதீர்கள். பாலியெஸ்டர் உறையில் இட்டு, அந்தப் பக்கத்துக்கு எதிரே செருகி வையுங்கள். அமிலமற்ற தாள் துண்டு ஒன்றில், பின்னால் சேர்த்தது என்று மென்மையான பென்சிலால் ஆண்டோடு குறித்து உறையோடு வைத்துவிடுங்கள். ஒளிவருடும்போது ஆல்பத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்த வேண்டாம், முதுகுத் தையல் தாங்காது. மேலிருந்து கேமராவில் எடுங்கள், விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் வெள்ளிப் பளபளப்பு படத்தில் விழாது.

மருதமுத்து எழுதியது:

வியாபாரியிடம் அந்த ஃபிரிட்ச் அட்டையின் முதுகைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் தம்பி. உரிந்த தாள் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று நானும் பார்க்க வேண்டும்.